நங்கையாவின் காலுக்குப் போட்ட தரை

பனியன் கம்பெனியில் என் தையல் மிஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "அக்கா, ஆபீஸ் போன்ல உங்க பக்கத்து வீட்டம்மா. உடனே கிளம்புங்க" என்றார். அனுப்பர்பாளையத்துக் கம்பெனியிலிருந்து மண்ணரையில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, கூப்பிட்டால் குரல் இல்லை என்றார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி என் பையில். திறந்தால், என் வீட்டுக்காரரின் அக்கா சரோஜா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், கதவுக்கு உள்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தார். உயிர் இல்லை. நெஞ்சடைப்பு, கதவு திறந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். காலையில் பூட்டிவிட்டுப் போனது நான்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நங்கையா சின்ன வயதிலேயே தாலியை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஊசி ஓட்டை இருந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே அவர் விரல் கண்டுபிடிக்கும். பிறகு சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. அப்போதும் அவர் ஓயவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே மூன்று அறைக்கும் போவார், சோறு வடிப்பார், விளக்கேற்றுவார்.

அந்தச் சுவர்களைத்தான் நாங்கள் இடித்தோம். என் வீட்டுக்காரர் அவருடைய முதலாளி வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, சமையல், சாமி மூலை, உட்காருவது எல்லாம் ஒரே ஹாலாக இருக்க வேண்டும் என்றார். எனக்கும் ஆசைதான். கீழே முழுக்க ஒரே வெள்ளை டைல்ஸ். நங்கையாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை முடிந்த அன்று அவர் நாலு எட்டு வைத்தார். கையை நீட்டினார். எதுவும் தட்டுப்படவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் எங்க இருக்கறேன் கண்ணு?"

"அடுப்புக்குப் பக்கத்துலதானுங்க."

"எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது. கரையே காணோம்."

அதற்கப்புறம் கட்டில்தான். காலையில் தண்ணீரும் சோறும் பக்கத்தில் வைத்துவிட்டு நான் கம்பெனிக்குப் போவேன். திரும்பி வரும்வரை அதே கட்டில். பகல் முழுக்க ஒண்ணுக்குப் போகாமல் இருக்கத் தண்ணீரைக் குடிக்காமலே வைத்திருப்பார். நிறைந்த சொம்பைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது.

வழி சொன்னதும் அவர்தான். கைபிடித்துக் கூட்டிப் போகும்போது, பாத்ரூமின் சொரசொரப்பு டைல்ஸ் காலில் பட்டதும் என் கையை விட்டுவிடுவார். "இங்க வந்தா எனக்குத் தெரியுது. இந்த மாதிரி ஊடு பூரா காலுக்குத் தெரியற மாதிரிப் பண்ணக் கூடாதா?" என்றார்.

"ஊடா இது, டைல்ஸ் கடை சாம்பிள் போர்டா? வர்றவங்க சிரிப்பாங்க" என்று அவர் தம்பி கத்தினார்.

"கண்ணு தெரியறவனுக்குத்தான அசிங்கம். நீ மேல பாத்து நட" என்றார் நங்கையா. அவரே சிரித்துவிட்டார்.

மிச்சத் துண்டுகள் விற்கிற கடைக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கல்லாக ஏறி நின்றார். "இது காட்டன். இது பாலியெஸ்டர், வழுக்கும், வேண்டாம்." கடைக்காரர் ஸ்டூல் போட்டுக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். சமையல் பக்கத்துக்குச் சொரசொரப்பான கடப்பா கல். சாமி மூலைக்குச் சின்னக் கட்டம் போட்ட டைல்ஸ். வாசலை ஒட்டிக் குமிழ் குமிழாக இருக்கும் பார்க்கிங் டைல்ஸ். கட்டிலைச் சுற்றி மட்டும் பழைய வெள்ளையே.

திருநெல்வேலிக்காரக் கொத்தனார் ஒன்றுக்கொன்று சேருகிற இடத்தில் அலுமினியப் பட்டி வைத்தார். பார்க்க அழகு. முதல் நாளே நங்கையாவின் கால் கட்டைவிரல் கிழிந்தது. "யம்மா, கண்ணுக்குன்னு வேலை பாத்துட்டேன்" என்று கொத்தனாரே பட்டியைப் பிடுங்கினார். கடப்பா கல் தடிமன் அதிகம். அது டைல்ஸ் மட்டத்துக்கு வர, கீழே இன்னும் கொத்தி இறக்கினார். கையால் தடவி, மேடில்லை என்று நங்கையா சொன்ன பிறகுதான் கூலி வாங்கினார்.

ஒரு வாரத்தில் நங்கையா மறுபடி சோறு வடித்தார். சொம்பும் காலியானது.

ஆனால் நடக்கத் தெரிந்தவர் வாசலுக்கும் வந்துவிட்டார். ஒரு நாள் சந்தில் இறங்கி, துணி ஏற்றிய டெம்போ முன்னால் நின்றுவிட்டார். மறுநாளிலிருந்து நான் பூட்ட ஆரம்பித்தேன். அந்தக் குமிழ் டைல்ஸ் மேல் நாற்காலி போட்டுக் கதவோடு காதை வைத்து உட்கார்ந்திருப்பாராம். போகிற வருகிறவர்களிடம் உள்ளேயிருந்தே நலம் விசாரிப்பாராம்.

போன வாரம்கூடக் கேட்டார். "எதுத்த ஊடு வரைக்கும்தான் கண்ணு. சாவியை உள்ளயே வெச்சுட்டுப் போயேன்."

"வண்டி வருதுங்க நங்கையா. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிப் போறேனுங்க."

"செரி. ஞாயித்துக்கிழமை நீ துணி துவைப்பே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் துணிதான் துவைத்தேன்.

எடுக்கிற அன்று கதவின் இரண்டு பக்கமும் திறந்து வைத்தோம். எதிர் வீட்டம்மா தன் வாசலிலேயே நின்று அழுதார். டெம்போக்காரர்கள் சந்து முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். நான் வாசற்படி வரைதான் போனேன்.

இன்னைக்கு வண்டி வராதுங்க நங்கையா. மெதுவாப் போங்க.