என் வாசலில் நான்கு சிவப்புப் புள்ளிகள்

என் வீட்டு வாசலில் நான்கு பேர் செத்துப்போயிருக்கிறார்கள். எனக்கே போன செவ்வாய்க்கிழமைதான் தெரியும்.

காலை பத்தேகால். ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய இருவர் அளவு நாடாவைப் பிரித்து, நான் போட்ட கோலத்தின் மேலேயே நின்று அளந்தார்கள். கேட் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்கள்.

"என்ன சார் இது?" என்றேன்.

"லைட்டு கம்பம் நடணும்ங்க. சோலாரு. பகல்லயும் செகப்பா மினுக்கிகினே இருக்கும்" என்றார் சூப்பர்வைசர். "மோசமான ஸ்பாட்டாச்சே இது. நாலு சாவு."

"எங்கே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். சுண்ணாம்பு வட்டத்தைக் காட்டினார். "இங்கதாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றுக்கு ஒரு தனியார் நிறுவனம் தன் சமூக நிதியிலிருந்து டேப்லெட்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தது. விபத்து நடந்தால் இனி காகிதம் இல்லை, எல்லாம் அதில்தான். பதிவு செய்த இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக விழும். புள்ளிகள் கூடும் இடத்தில் அதே நிதியில் எச்சரிக்கை விளக்கு. நல்ல திட்டம் அல்லவா? வாராவாரம் நான் எழுதும் இதே பத்தியில் முன்பு பாராட்டி எழுதியவள்தான் நான்.

சூப்பர்வைசர் தன் போனில் வரைபடத்தைக் காட்டினார். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன் முன்னால், சரியாகக் கோலம் போடும் இடத்தில், நான்கு புள்ளிகள். ஒன்றைத் தொட்டார். 'ஆண். மரணம்.' அடுத்ததைத் தொட்டார். 'பெண். மரணம்.'

என் டைரியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம். பால் வந்த நேரம், கரண்ட் போன நேரம், கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் எங்கள் சாலையைக் கடந்து மலைக்குப் போன நேரம் — எல்லாம் இருக்கும். அதில் நான்கு சாவு விட்டுப்போகுமா? பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

நான்கு தேதிகளையும் நேரங்களையும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு உள்ளே போனேன். டைரிகளை எடுத்தேன். முதல் தேதி. சாவு இல்லை. ஆனால் ஒரு வரி இருந்தது: 'வாசல் வேப்பமரத்தடியில் ஏட்டு. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.' இரண்டாம் தேதி — அதே வரி. மூன்று. நான்கு. என் கையெழுத்தில், அதே சொற்கள். சீட்டில் இருந்த நேரத்துக்கும் டைரி நேரத்துக்கும் ஐந்து நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் கணவர் சிரித்தார். "இன்னாடி இது? எமன் பைக்ல வந்து ஒன்கிட்ட தண்ணி வாங்கி குடிச்சிட்டுப் போயிகினு இருந்திருக்கான்!" சிரித்துக்கொண்டே போய் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார்.

அன்று மதியம் கஸ்தூரி வந்தாள். பொதட்டூர்பேட்டை சாலையில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், ஏரிக்கரைத் திருப்பம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி வீடு. வீட்டுக்குள் தறி. எங்களுக்கு லுங்கி, துண்டு எல்லாம் அவள் கொண்டுவருவதுதான். போன வருஷம் அந்தத் திருப்பத்தில் லாரி அடித்து அவள் கணவர் போய்விட்டார். ஏழாவது படிக்கும் மகள் அங்கேதான் சாலையைக் கடந்து பஸ் ஏறுகிறாள்.

மூட்டையை இறக்காமலே கேட்டாள். "அக்கா, லைட்டு வேனு எங்க வளைவுல நிக்காமலே போவுது. ஓடிப்போய் மறிச்சேன். அந்தத் திருப்பத்துல ஒருத்தரும் சாகலையாம். மெசின்ல இல்லியாம். அப்ப எங்க ஊட்டுக்காரு எங்கக்கா செத்தாரு?"

என்ன சொல்ல? என் வாசலில் என்றா?

ஏட்டு தேவராஜுக்கு போன் செய்தேன். மாலை நான்கு மணிக்கு வந்து, வழக்கம்போல வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஓய்வு பெறும் வயது. நல்ல மனிதர். நிழலுக்காக வருகிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"நாலு பேரும் எங்கே செத்தாங்க ஏட்டய்யா?"

"ஏரிக்கர திருப்பத்துலதாங்க மேடம்."

"அப்போ ஏன் இங்கே எழுதினீங்க?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "செத்த எடத்துல நின்னுகினு சாவ எழுதக்கூடாதுங்க. ஸ்டேஷன்ல பழைய ஆளுங்க எல்லாம் அப்டித்தான். தூரமா வந்து, வேப்பமரமா பாத்து, காலு கழுவி, வாய் கொப்புளிச்சி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்புறம்தான் பேனாவ தொறப்போம். இல்லாட்டி அது கூடவே வந்துரும்."

"எது?"

"பேரு சொல்லிக் கூப்புடலாமாங்க அத?"

காகிதத்துக்கு நாம் எங்கே உட்கார்ந்து எழுதுகிறோம் என்று தெரியாது. டேப்லெட்டுக்குத் தெரியும். ஏட்டு கால் கழுவிய இடமெல்லாம் சாவு நடந்த இடமாகிவிட்டது. நான் சொம்பை நீட்டிய நான்கு முறையும் அவர் மடியில் ஒரு சாவு திறந்து கிடந்திருக்கிறது. ஒரு முறை 'வெயில் ஜாஸ்தி இல்ல?' என்றுகூட கேட்டிருக்கிறேன். அது கஸ்தூரியின் கணவர் இறந்த நாள்.

"ஏட்டு சொரக்கா கறிக்கு ஆவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் என் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

திருத்த முடியுமா? முடியும். ஆனால் சரியான இடத்தில் நின்று அழுத்தினால்தான் அந்த மெஷின் ஒப்புக்கொள்ளும்.

புதன்கிழமை காலை பதினொரு மணி. ஏரிக்கரைத் திருப்பம். நான், ஏட்டு, கஸ்தூரி. நல்ல வெயில். ஏரியில் தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை. கஸ்தூரி வீட்டுத் தறிச் சத்தமும் நின்று போயிருந்தது. ஏட்டு ஷூவைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றார். முப்பது வருஷம் செய்யாததைச் செய்யப் போகிறவர்.

மூன்று புள்ளிகளை நகர்த்தினார். நான்காவது கஸ்தூரியின் கணவருடையது. அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. மற்ற மூன்றுக்கும் வந்த அதே கேள்விதான். இதை மட்டும் ஏட்டு ஏனோ வாய்விட்டுப் படித்தார்:

"நீங்கள் இப்போது இங்கே இருக்கிறீர்களா?"

அவர் விரல் 'ஆம்' மேல் போவதற்குள் கஸ்தூரி பதில் சொன்னாள். சாலையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக.

"ஆங்... இங்கதான் இருக்காரு."

ஏட்டு 'ஆம்' மேல் அழுத்தினார். நான்காவது புள்ளியும் நகர்ந்தது.

அன்றே கம்பம் நட வந்த சூப்பர்வைசரிடம் சொன்னேன். "புள்ளி நகந்தா கம்பமும் நகரும்ங்க. ஆனா மேல இருந்து மறுபடி ஒப்புதல் வரணும். அதுவரைக்கும் இங்கயே கெடக்கட்டும்" என்றார். விளக்கோடு வந்த கம்பத்தை எங்கள் கேட் ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் போனார்.

கஸ்தூரி ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை. பள்ளி பஸ் வரும் நேரம், போகும் நேரம் இரண்டுக்கும் தறியை நிறுத்திவிட்டு, ஒரு சிவப்பு லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பத்தில் நிற்க ஆரம்பித்தாள். லாரிகள் வேகத்தைக் குறைத்தன.

நேற்று சனிக்கிழமை. பகல் ஒன்று ஐம்பது. வேப்பமரத்தடியில் பைக் சத்தம்.

ஏட்டு தண்ணீர் கேட்டார். சொம்போடு ஓடினேன். அவர் கையில் டேப்லெட் இல்லை.

"யாரு?" என்றேன்.

"கஸ்தூரியோட பாப்பா இல்லீங்க. பால்காரரு ஒருத்தரு. சிமெண்ட் லாரி. கஸ்தூரி அந்நேரம் தறியில இருந்தாங்க." காலைக் கழுவினார். வாய் கொப்பளித்தார். "இந்தவாட்டி அங்கயே நின்னு எழுதிட்டேங்க மேடம். அஞ்சாவது புள்ளி சரியான எடத்துல வுழுந்துடிச்சி."

பைக் போனபின் டைரியை எடுத்தேன். நேரம் எழுதினேன். ஒப்புதல் இன்னும் வரவில்லை என்றும் எழுதினேன்.

கேட் ஓரம் படுத்துக் கிடந்த கம்பத்தின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. சோலார் அல்லவா? யாரும் சாகாத என் வாசலில், தரையில் கிடந்தபடி, அது சிவப்பாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது.