லேட்டுன்னு எழுதின பேரு

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனவன் இல்ல. தாம்பரத்துல பஸ் போர்டப் பாத்துப் பாத்து எழுத்துக் கூட்டக் கத்துகினேன், அவ்ளோதான். ஆனா கம்ப்யூட்டர்ல பேரு ஏத்தற வேலைய புச்சா தொடறவங்க யார்னா கேட்டா, நானும் ஒண்ணு சொல்வேன். ஒரு கட்டத்துல ஒரு வார்த்த எழுதினா அதுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கணும். இத நான் சிட்லபாக்கத்துல ஒரு வூட்டு ஜன்னலாண்ட நின்னுகினு கத்துகினேன்.

அங்க ஏரிக்குப் பக்கத்துல பெரியவங்க சங்கம் ஒண்ணு கீது. புள்ளைங்க வெளிநாட்டுல, இவங்க வூட்ல ஒண்டியா. அப்டி கீறவங்களுக்கு தினம் காலைல ஏழு மணிக்கு சங்கத்துக் கம்ப்யூட்டரே போன் அடிக்கும். எடுத்து ஒண்ணாம் நம்பர அமுக்கினா ஆளு நல்லா கீறாங்க. எடுக்கலன்னா அவங்க பேரு ஒரு சீட்டுல அச்சாயி வரும். சீட்டுல கீற வூட்டுக்கு நான் சைக்கிள்ல போயி பாத்துட்டு வரணும். அதான் என் வேலை.

போன்ல பேசற குரலு சங்கத்த நடத்தற சாரோட சம்சாரம் குரலு. "வணக்கம், நல்லா இருக்கீங்களா? ஒண்ணு அமுக்குங்க"ன்னு பதிஞ்சு வெச்சது. அந்தம்மா தவறிப் போயி ரெண்டு வருசம் ஆவுது. குரல மாத்துங்கன்னு சாராண்ட யாரு போயி சொல்றது? ஊரே காலைல அந்தம்மாவுக்கு நல்லா கீறோம்னு சொல்லிகினுதான் எழுந்துக்குது.

சாரு ரிட்டயரானவரு. மொதல்ல கம்ப்யூட்டர்ல வெறும் பேரும் நம்பரும்தான். அப்பால வீடியோ பாத்து டேட்டாபேஸ்னு பேரு அடுக்கற வித்தைய கத்துகினு, வூடு வூடா போறப்ப நான் நோட்டுல குறிச்சதெல்லாம் சேத்து ஏத்தினாரு. கட்டம் கட்டமா இருக்கும். பேரு ஒரு கட்டம், நம்பர் ஒரு கட்டம், ஆளு கீறாங்களா இல்லியான்னு ஒரு கட்டம், இல்லன்னா போன தேதிக்கு ஒரு கட்டம்.

என் நோட்டுல டீச்சரம்மா பேருக்குப் பக்கத்துல "லேட்டு"ன்னு எழுதி வெச்சிருந்தேன். பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்து ரிட்டயரானவங்க. முட்டிவலி. உள்ரூம்புலேர்ந்து கூடத்துக்கு வர்றதுக்குள்ள போன் நின்னுடும். வாரத்துல ரெண்டு தபா அவங்க பேரு சீட்டுல வந்துரும். நான் போயி நின்னா, "போன நிறுத்திட்டு உன்ன அனுப்பறாங்களா? கொஞ்ச நேரம் அடிக்க விடுன்னு சொல்லுப்பா"ன்னு திட்டுவாங்க. அதான் லேட்டு. லேட்டா எடுப்பாங்க, நெறய தபா அடிக்க விடுங்கன்னு.

சாருக்கு லேட்டுன்னா வேற. கல்யாணப் பத்திரிகைல தவறிப்போன தாத்தா பேருக்கு முன்னாடி போடுவாங்களே, அந்த லேட்டு. டீச்சரம்மா கட்டத்துல "இல்ல"ன்னு டிக் அடிச்சிட்டாரு. இல்லாதவங்களுக்கு கம்ப்யூட்டர் போன் பண்ணாது.

என் புத்தி இன்னா பண்ணுச்சு தெரியுமா? சீட்டுல அவங்க பேரே வரலியா, எனக்கு சந்தோசம். முட்டிக்கு ஏதோ தைலம் தேய்க்கறாங்க, வேலை செய்யுதுன்னு நெனச்சிகினேன். அந்தத் தைலம் இன்னான்னு கேட்டு நம்மளும் வாங்கணும்னு கூட ஒரு எண்ணம்.

ஒரு நாளு காலைல ஒம்போதரை இருக்கும். சாரு காலியா கீற கட்டத்தெல்லாம் தேடிகினு இருந்தாரு. திடீர்னு, "ஏம்பா, டீச்சர் எப்ப போனாங்க? தேதி போடலியே"ன்னாரு.

"எங்க சார் போனாங்க?"

"போய்ட்டாங்கன்னு நீதானய்யா எழுதியிருக்கே. லேட்டுன்னு."

"அய்யோ சார், அவங்க போன லேட்டா எடுப்பாங்க சார்!"

சாரு சட்டுனு ஸ்க்ரீனாண்ட திரும்பினாரு. கம்ப்யூட்டர்ல எண்ணிப் பாத்தாரு. பதினோரு நாளு. கை கீபோர்டுக்குப் போச்சு, அப்டியே நின்னுடுச்சு.

"இருக்காங்கன்னு மாத்தறப்ப, கம்ப்யூட்டர்கிட்ட டீச்சர மட்டும்னு சொல்லாம விட்டா, நெசமாவே செத்தவங்க எல்லாருக்கும் நாளைக்கு போன் போகும். மொதல்ல இருக்கறதுக்கெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்கறேன்."

"ஆளு கீறாங்களான்னே தெரியல, நீங்க காப்பி எடுத்துகினு கீறீங்க!"ன்னு கத்திட்டு சைக்கிள எடுத்தேன்.

நல்ல வெயிலு. தெருவுல ஒரு குருவி சத்தம் இல்ல. கேட்டு தெறந்தே இருந்துச்சு. ஜன்னல் வழியா பாத்தா, டீச்சரம்மா போனுக்குப் பக்கத்துல நாற்காலில நிமுந்து உக்காந்து கீறாங்க. ஃபேன் ஓடல. கண்ணு சுவத்தப் பாத்துகினு இருக்கு. கூப்புட்டேன். அசையல. ஜன்னல் கம்பியத் தட்டினேன்.

அப்பால அவங்க கை நவுந்துச்சு. அடிக்காத போன எடுத்து காதுல வெச்சாங்க. ஒண்ண அமுக்கினாங்க. "நல்லா இருக்கேன்"னாங்க. வெச்சாங்க.

"டீச்சரம்மா!"

மெதுவாத் திரும்பினாங்க. "உனக்கு நான் தெரியறேனா?"

"இன்னாம்மா இப்டி கேக்கறீங்க?"

"மொத நாள் மிஷின் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாவப் பாத்து சிரிச்சேன், அவ திரும்பவே இல்ல. பால்காரனும் போட்டுட்டுப் போறான், பேசறதில்ல. சார் சம்சாரம் எல்லாரையும் கூப்பிடறா, என்னை மட்டும் கூப்பிடல. அவ இருக்கற எடத்துக்கே நான் போய்ட்டேன், அதனாலதான் போன் தேவையில்லன்னு தோணுச்சு. பசிக்கவே இல்லப்பா"ன்னாங்க.

உள்ள போனேன். அடுப்பு மேடைல பால் பாக்கெட்டுங்க உப்பிப் போயி வரிசையா கெடந்துச்சு. ஒண்ணு கூட பிரிக்கல. சாருக்கு போன் போட்டேன். "ஆளு கீறாங்க. அவங்க ஒருத்தர மட்டும் மாத்துங்க."

"மாத்திட்டேன். இப்பவே அடிக்க விடறேன்."

கூடத்துல மணி அடிச்சுது. அவங்க பாத்துகினே இருந்தாங்க, எடுக்கல. நானே எடுத்துடலாம்னு ஒரு அடி வெச்சேன். ஆனா நான் எடுத்து அமுக்கினா அது என் கணக்கு, அவங்களுது இல்லியே. நின்னு போச்சு. மறுபடி அடிச்சுது. நின்னுச்சு. மூணாவது தபா எடுத்தாங்க. அந்தக் குரல முழுசாக் கேட்டாங்க. வெரலு ஒண்ணாம் நம்பர் மேல ரொம்ப நேரம் இருந்துச்சு. அப்பால அமுக்கினாங்க.

நான் ஓடிப் போயி இட்லி வாங்கினு வந்தேன். மூணு துன்னாங்க, இன்னொண்ணு கேட்டாங்க. அதையும் எடுத்து வெச்சேன். சாரும் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்னு, "மன்னிச்சுக்கோங்க டீச்சர்"னாரு.

"அந்தப் பதினோரு நாள அழிச்சிட்டீங்களா?"

"இல்ல டீச்சர். பழசு மேல கை வைக்கக் கூடாது. அதுல இல்லன்னுதான் இருக்கும். கீழ புதுசா ஒரு வரி போட்டு, இன்னிலேர்ந்து இருக்கீங்கன்னு எழுதியிருக்கேன்."

டீச்சரம்மா சட்னிய வழிச்சிகினே, "அப்படியே இருக்கட்டும் சார். ரெண்டு வரியும் சரியாத்தான் போட்டிருக்கீங்க"ன்னாங்க.

சாரு என்னப் பாத்தாரு. நான் அவங்க தட்டப் பாத்துகினு இருந்தேன். நாலு இட்லியும் காலி.