கையை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

சிறுவயதிலேயே என் கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. மன்னார்குடிப் பக்கம் நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கு, நான்கு சக்கர பேட்டரி ஸ்கூட்டரில் போய்வருவேன். விசையை அழுத்தினால் ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

அன்று கல்யாண மண்டபத்து வாசலில் காருக்கு வழிவிட நிறுத்தியிருந்தேன். இரண்டு கையும் மடியில். பக்கத்தில் நின்ற காவலாளி வாக்கி டாக்கியை அழுத்திப் பேசியதும் வண்டி தானாக நகர்ந்து, என்னோடு வாய்க்காலில் இறங்கியது. இடுப்பளவுத் தண்ணீர். தூக்கிவிட்டவர்களும் சிரித்தார்கள். மறக்கவில்லை.

வண்டி விற்ற கடைக்காரர் வந்து பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணனிடம், "டீச்சருக்குக் கை நடுங்கியிருக்கும் சார்" என்றார். அண்ணன் தலையாட்டினான். அன்றே சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து ஆட்டோ. அவன் சொல்லும் நேரத்துக்குப் போய், அவன் சொல்லும் நேரத்துக்கு வரவேண்டும். அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வண்டியோடு வந்த கையேட்டை வரி விடாமல் படித்தேன். வாக்கி டாக்கி மாதிரியான கருவிகளின் அலை வண்டியின் மின்சுற்றைக் குழப்பக்கூடும், அதைத் தடுக்கத்தான் ஒயர்கள்மேல் உலோக வலை இருக்கிறது என்று எழுதியிருந்தது. பள்ளியில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனை வரவழைத்து மூடியைத் திறக்கச் சொன்னேன். விசையிலிருந்து போகும் ஒயரில் வலை பாதிக்குமேல் அறுபட்டிருந்தது. போன மாதம் அந்தக் கடையில்தான் ஹாரன் மாற்றினார்கள்.

கடைக்காரரையும் அண்ணனையும் மண்டபத்துக்கு வரச் சொன்னேன். வண்டியைச் செங்கல்மேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்தினோம். அண்ணன் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு விலகினான். அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. காவலாளி அருகில் நின்று வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. விட்டார், நின்றது. மறுபடி அழுத்தச் சொன்னேன், மறுபடி சுற்றியது. மூடியைத் திறந்து, அறுபட்ட வலையைக் கடைக்காரரிடம் காட்டினேன்.

"அது சும்மா ஒரு வலைதாங்க டீச்சர். ஹாரன் ஒயர் நுழையலன்னு பசங்க வெட்டிட்டாங்க" என்றார் அவர்.

"சும்மான்னு நீங்க வெட்டினதாலதான் நான் வாய்க்கால்ல கெடந்தேன். நீங்க ஏறி உக்காருங்க. செங்கல்ல எடுத்துடச் சொல்றேன்."

அவர் உட்காரவில்லை. அந்த வாரமே ஒயர் முழுவதையும் மாற்றித் தந்தார். நான் நம்பவில்லை. வண்டியை மறுபடியும் செங்கல்மேல் ஏற்றி, காவலாளியை அதைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி வாக்கி டாக்கியில் பேசவைத்தேன். சக்கரம் அசையவில்லை. அதன்பிறகுதான் கடைக்காரரைப் போகவிட்டேன்.

அண்ணன் சாவியை மேசைமேல் வைத்தான். மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. நானும் எதிர்பார்த்து நிற்கவில்லை. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இப்போதும் வாக்கி டாக்கியோடு யாராவது எதிரில் வந்தால் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, அவர் தாண்டிப் போகும்வரை நடுரோட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். நானும் திரும்பத் திட்டுகிறேன்.