வேன்காரரின் கையெழுத்து

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இறங்கி முடிகிற இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றைக் கழுவி, எண்ணி, பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி, ஆவி மெஷினுக்குள் அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருஷமாக இதுதான். பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு சரியாக ஏறியிருந்தால் கோடு கறுத்துவிடும், இல்லையென்றால் திரும்ப உள்ளே போட வேண்டும்.

“மனுஷங்களுக்கும் இப்படி ஒரு டேப் ஒட்டி அனுப்பியிருக்கலாம். யாரு வெந்திருக்காங்க, யாரு வேகலன்னு பார்த்ததும் தெரிஞ்சுடும்,” என்பார் இன்சார்ஜ் அக்கா.

அன்றைக்கு அக்கா ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அவள் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் பரப்பினார்.

“எண்ணு.”

எண்ணினாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது. பன்னிரண்டாவது கத்தரி தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தது.

“இன்னிக்கு எத்தனாவது நாள்?”

“இருபத்துநாலு.”

அக்கா பெருமூச்சு விட்டார். “போ. இன்னிக்கே போய் அந்த மனுஷன் கால்ல விழு, இல்ல சட்டையைப் பிடி. ரெண்டுல ஒண்ணு பண்ணு. இங்க நின்னு என் கத்தரியைத் தொலைக்காதே.”

இருபத்தெட்டு நாள்தான் கெடு. ஆஸ்திரேலியாவிலிருந்து விசா அதிகாரி அனுப்பிய மெயிலில் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது கணவர் அங்கே ஒரு குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறார். மீனும் இறைச்சியும் உறைந்து கிடக்கும் கிடங்கில், குல்லாயும் இரண்டு கையுறையுமாக நாள் முழுக்க நிற்பவர். அவருடைய மனைவி என்று விசாவுக்கு விண்ணப்பித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இருவரும் உண்மையான புருஷன் பெண்டாட்டிதான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். நிரூபித்தார்கள். சேர்ந்து எடுத்த போட்டோ, போன் பேசிய கணக்கு, பார்க்க வந்தபோது எடுத்த டிக்கெட், சாட்சிக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு அனுப்பினார் அவர். “நாம கட்டிக்கிட்டதுக்கு வந்தவங்களே ஆறு பேர்தான். நிரூபிக்கறதுக்கு இத்தனை பேரைத் தேட வேண்டியிருக்கு,” என்று சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு நடுக்கம் இருந்தது. அவருக்கும் நாற்பத்தேழு வயசாகிறது.

எல்லாம் விசா இணையதளத்தில் ஏறிவிட்டது. மீதி இருந்தது ஒரே ஒரு தாள். மகளையும் கூட அழைத்துப் போவதால், அவளைப் பெற்ற அப்பா சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

பெற்ற அப்பா ஊருக்கெல்லாம் வேன்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவளும் அவரும் பிரிந்து ஆறு வருஷம். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை, சண்டை போடவும் தெம்பில்லாமல் பிரிந்தவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பு. ஆனால் மகள் படிக்கிற பள்ளிக்கே வேன் ஓட்டுகிற வேலையைத் தேடிப் பிடித்தார் மனுஷன். தினமும் காலையில் ஏழேகாலுக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்கும். முன் சீட்டு மகளுக்கு. வேறு எந்தப் பிள்ளை அழுதாலும் அந்த இடம் கிடைக்காது. மகளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வழியில் இருக்கிற கடைப் பலகை, விளம்பரம், போலீஸ் அறிவிப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்து அவருக்குத் தமிழில் சொல்வது பன்னிரண்டு வயசு டீச்சரின் வேலை.

அந்தத் தாளைக் கொடுத்தபோதே அவள் ஒரு தப்புச் செய்தாள். உட்கார வைத்து, வரிக்கு வரி சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, உறையில் போட்டு வேன் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு வந்துவிட்டாள். “படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க” என்று மட்டும் சொன்னாள். அவரும் “ஆகட்டும்” என்றார். மறுநாள் கேட்டால் நாளைக்கு. அடுத்த வாரம் கேட்டால் பேனா இல்லை. அதற்கடுத்த வாரம் அவளைப் பார்த்ததும் வேன் கியர் மாறியது.

வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று நினைத்தாள். பழைய கோபத்தையெல்லாம் அந்த ஒரு தாளில் தீர்த்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். திட்டவும் முடியாது. திட்டினால் தாள் வராது. இத்தனை வருஷம் கழித்து, தன் வாழ்க்கை முழுக்க இந்த மனுஷனின் சட்டைப் பையில் இருக்கிற பேனாவில் வந்து மாட்டிக்கொண்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்துநாலு நாளை ஓட்டினாள்.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு வேன் நிற்கிற இடத்துக்குப் போனாள். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஏழெட்டு வேன்கள் நின்றன. வேன்காரர் பின் கதவைத் திறந்துவைத்து, சீட்டுக்கடியில் பிள்ளைகள் போட்ட குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பென்சில் சீவல், பிஸ்கட் தாள், ஒற்றைச் சாக்ஸ்.

“இன்னும் நாலு நாள்தான் இருக்கு,” என்றாள். குரல் கெஞ்சலாக வந்தது. அதற்காகவே தன் மேல் எரிச்சல் வந்தது.

அவர் நிமிரவில்லை. “தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் இப்படிப் பண்றீங்க? வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் அதுக்கு மேல என்ன செய்ய முடியும்?”

“போடக்கூடாதுன்னு இல்ல.” துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தார். “போட்டா நான் அப்பன் இல்லன்னு எழுதியிருக்கே. அதுல எப்படிப் போடச் சொல்றே?”

“எங்க எழுதியிருக்கு?”

“அந்தத் தாள்லதான். கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து எனக்கும் அவளுக்கும் எந்தப் பந்தமும் இல்ல, பார்க்கக்கூடாது, போன்ல பேசக்கூடாது, பேருக்குப் பின்னால என் பேரைப் போடக்கூடாதுன்னு. வெள்ளைக்காரன் இவ்வளவு கல்நெஞ்சுக்காரனா இருப்பான்னு நான் நினைக்கல.”

“யாரு படிச்சுச் சொன்னாங்க?”

“வேற யாரு? டீச்சர்தான். இங்கதான், முன் சீட்டுல உக்காந்து, விரல் வெச்சு வரிக்கு வரி சொன்னா. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதேதான் சொன்னா.”

வேனுக்குள் வெயில் சூடு தகித்தது. அவள் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடிக்கு மேலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். ஓரம் அழுக்கேறி, நாலாக மடித்த மடிப்பு கிழியப் பார்த்தது. தினமும் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலம் படிவங்களின் ஆங்கிலம்தான். அது போதும். ஒருமுறை படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தாள். மகள் சொன்னதில் ஒரு சொல்கூட அதில் இல்லை. குழந்தையின் பெயர், பிறந்த தேதி. குழந்தை அந்த நாட்டுக்குப் போய் நிரந்தரமாகத் தங்குவதற்குச் சம்மதம். சம்மதிக்கிறவருக்குக் குழந்தையோடு என்ன உறவு என்று கேட்டு ஒரு கட்டம். அவ்வளவுதான். அவர் அப்பா என்பதால்தான் அவருடைய கையெழுத்தே வேண்டியிருந்தது.

ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று தோன்றியது. மூடினால் கையெழுத்து வராது. திறந்தால் மகளைக் காட்டிக்கொடுத்ததாகும். உள்ளதை உள்ளபடி தமிழில் படித்துச் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் வேன்காரர் சிரித்தார். தொண்டைக்குள்ளேயே நின்றுபோன சிரிப்பு.

“பார்த்தியா? டீச்சர் எனக்கே பாடம் எடுத்துட்டா.” துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அப்ப அவளுக்குப் போக இஷ்டமில்ல.”

அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

“நீ கேட்டியா அவளை?”

“கேட்டேன். ‘ம்’னு சொன்னா.”

“ம்னா?”

“சரின்னு எடுத்துக்கிட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

“அவளை என்கிட்ட விட்டுட்டு நீ போன்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. விட்டா எங்க வெச்சுப்பேன்? நான் இருக்கறது ஒர்க்‌ஷாப் மாடியில, ரெண்டு டிரைவருங்க கூட. வயசுக்கு வரப்போற பொண்ணு. வேன்லயா படுக்க வைப்பேன்?” சற்று நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். “நான் போடலன்னா?”

“அவளை விட்டுட்டு நான் போகமாட்டேன். இங்கேயே இருந்துடுவேன்.”

“அந்த மனுஷன்?”

“அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.”

பள்ளி மணி அடித்தது. பக்கத்து வேன்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, முன் சீட்டுல ஆள் மாறிடுச்சு?” என்றார். “போய் உன் டயருக்குக் காத்து அடிடா,” என்றார் இவர். பிறகு அவள் பக்கம் திரும்பி, “நாளைக்குக் காலைல நீயும் முனைக்கு வா. பேனா கொண்டு வா. அவகிட்ட எதுவும் கேட்காதே. திட்டாதே,” என்றார்.

அன்று சாயங்காலம் மகள் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குளிர்க்கிடங்கிலிருந்து போன் வந்தது. “நான் வேணா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?” என்றார் அவர்.

“என்னன்னு பேசுவீங்க?”

“அதான் எனக்கும் தெரியல.” கொஞ்சம் நிறுத்தி, “பாப்பா ரூமுக்கு மஞ்சள் அடிச்சுட்டேன்னு சொல்லு. முன்னாடி நீலம் அடிச்சிருந்தேன், மஞ்சள்தான் பிடிக்கும்னு நீ சொன்னியே,” என்றார்.

போனை வைத்ததும் மகள் தலை நிமிராமல் கேட்டாள். “ஐஸ்பெட்டி என்ன சொல்றார்?”

“அப்படிச் சொல்லாதே. ரூமுக்கு மஞ்சள் அடிச்சிருக்காராம்.”

“ம்.”

அந்த ‘ம்’மை இப்போது அவளுக்குப் படிக்கத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகளின் பின்னலைப் பிரித்து மறுபடி போட்டாள்.

“அப்பா கையெழுத்துப் போட்டாரா?”

“நாளைக்குப் போடறேன்னாரு.”

பென்சில் நின்றது. “நல்லாப் படிச்சுப் பார்த்துட்டுப் போடச் சொல்லும்மா,” என்றாள் மகள்.

மறுநாள் ஏழேகாலுக்கு வேன் வந்தது. உள்ளே நான்கு சின்னப் பிள்ளைகள். வேன்காரர் இறங்கி, தாளை முன்பக்கத் தகரத்தின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தார்.

“டீச்சர், இங்க வா. இன்னொரு தடவை படி. உங்கம்மாவும் கேட்கட்டும்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, ‘சொல்லேன் பார்க்கலாம்’ என்கிற முறைப்பும் இருந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை.

மகள் முதல் வரியில் விரல் வைத்தாள். “இதுல கையெழுத்துப் போட்டா… நீங்க எனக்கு அப்பா இல்ல. பார்க்கக்கூடாது. போன்ல…” அதற்கு மேல் குரல் வரவில்லை. விரல் மட்டும் அடுத்த வரிக்குப் போனது.

வேன்காரர் முழுவதும் கேட்டவர் போலத் தலையை ஆட்டினார். “சரிம்மா. இதை எழுதினவங்களுக்கு என்னைத் தெரியாது.”

அம்மாவிடமிருந்து பேனாவை வாங்கினார். பெயர், தேதி எல்லாம் அவரே எழுதினார். ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மகளிடம் நீட்டினார்.

“இங்க என்ன எழுதணுமாம்?”

மகள் பேனாவை வாங்கிக்கொண்டு கட்டத்தையே பார்த்தாள்.

“எனக்கும் உனக்கும் என்ன உறவுன்னு கேட்கறாங்களாம். உங்கம்மா சொன்னா. என் கையெழுத்து கோணல். நீயே எழுதிடு டீச்சர்.”

அவர் குரலில் கோபமே இல்லை. மகளின் முகம் சிவந்து, உதடு கோணியது. குனிந்து எழுதினாள். தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி, அப்பா என்று ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வேன்காரர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரத்திலும் அவள் மனசு என்ன நினைத்தது தெரியுமா? ஒரே படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறதே, அதிகாரி கேள்வி கேட்பாரோ, திருப்பி அனுப்புவாரோ, இன்னொரு தாளுக்கு இன்னொரு இருபத்தெட்டு நாளா என்று நினைத்தது. இரண்டு வருஷமாகப் படிவங்களோடு வாழ்ந்து அவள் புத்தி அப்படி ஆகிவிட்டது. மகள் அழுகிறாள், இவள் மையைப் பார்க்கிறாள். தன்னையே தனக்குப் பிடிக்கவில்லை.

வேலைக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடையில் தாளைக் கொடுத்தாள். கடைக்காரர் வேன்காரரின் லைசென்ஸ் நகலையும் சேர்த்து ஸ்கேன் செய்தார். பதின்மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த போட்டோ. நிறைய முடி, சிரிக்க முயன்று பாதியில் நிறுத்திய முகம். கர்ப்பமாக இருந்தபோது அவளும் கூடப் போய் வெளியில் நின்று காத்திருந்த நாள் அது.

கம்ப்யூட்டரில் நீலக் கோடு ஊர்ந்து முடிந்தது. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. வேறெதுவும் வரவில்லை.

“வந்துடுச்சா!” என்று கத்தினார் கணவர் போனில். பின்னால் குளிர்க்கிடங்கின் மெஷின் இரைந்தது. “அவ்வளவுதானே? இனி என்ன?”

“இனி நம்ம கையில ஒண்ணும் இல்ல.”

“பாப்பா எப்படி இருக்கா?”

“ஸ்கூலுக்குப் போயிருக்கா.”

மகள் வர விரும்பவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த மனுஷனும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மஞ்சள் சுவரை.

அன்றைக்குப் பொட்டலங்களை மூன்று மூன்று முறை எண்ணினாள். இன்சார்ஜ் அக்கா, “கால்ல விழுந்தியா, சட்டையைப் பிடிச்சியா?” என்றார்.

“ரெண்டும் இல்லக்கா. அவரே போட்டுட்டாரு.”

“அப்ப ஏன்டி இப்படி இருக்கே?”

டேப்பை வெட்டி ஒட்டினாள்.

மறுநாள் காலை ஹாரன் கேட்டது. தெருமுனை வரை அவளும் நடந்தாள். வேன்காரர் கையை நீட்டி உள்ளேயிருந்து முன் கதவைத் திறந்துவிட்டார். மகள் அருகில் போய் நின்றாள். ஏறவில்லை. புத்தகப் பையைக் கழற்றி, தன் இடத்தில் வேறு யாரும் உட்காராதபடி, முன் சீட்டில் நேராக நிமிர்த்தி வைத்தாள். சீட் பெல்ட்டில் சிக்கிய பை வாரை எடுத்துவிட்டாள். பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பின் கதவில் ஏறி, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

வேன்காரர் பை சாய்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் வண்டியை எடுத்தார்.