பீலியில் குளித்த ஸ்கூட்டர்

இரண்டாயிரத்து எட்டில் எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் முதல் மின்சார ஸ்கூட்டர் வாங்கிய பெருமை கணக்கப்பிள்ளை சிங்காரவேலுவுக்கே. அதை மேட்டில் தள்ளிய பெருமை பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு.

ஈரத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரம் என்று சொல்லி எங்கள் பெண்களின் கூடையில் கிலோக்கணக்கில் கழித்தவர் அவர்.

வெள்ளிதோறும் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கடியில் ஸ்கூட்டரை நிறுத்திக் குளிப்பாட்டுவார். பிறகு விபூதி, பொட்டு, எலுமிச்சம்பழம். சனிக்கிழமை அது அசையாது. "கண்ணு பட்டிருச்சு" என்று என்னைப் பார்த்தபடியே சொல்லி, மஞ்சள் தண்ணீரைச் சுற்றி அதன் தலையிலேயே ஊற்றுவார்.

கடைசியில் கொழுந்து லொறியில் ஏற்றிப் பசறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் கிருஷ்ணராஜ் சீட்டைக் கழற்றினான். வயர்கள் சேரும் இடமெல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பேறிக் கிடந்தது. சுரண்டி, காயவைத்து, கிரீஸ் பூசி ஓடவைத்துவிட்டு, கும்பிடாத குறையாகச் சொன்னான்: "ஈரத்துணியால தொடச்சா போதுங்கய்யா. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றார் கணக்கப்பிள்ளை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் வண்டி நேரே பீலிக்குப் போனது.

"கண்ட எடத்துல கெடந்துட்டு வந்திருக்கு. குளிப்பாட்டாம எப்படிப்பா வீட்டுக்குள்ள ஏத்துறது?"

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க. நீங்களும் குளிங்களேன்" என்றேன்.

"இந்தக் குளிர்லயா? சளி புடிச்சுக்கும்" என்று மப்ளரை இறுக்கிக்கொண்டார்.