நோட்டுப் புத்தகத்தில் ஓர் உபநிடதம்

என் முட்டாள்தனங்களில் தலைசிறந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் வேலையைவிட்டுத் தூக்கிவிடக் கூடாது என்று, ஆபீஸ் ரகசியங்களைத் தமிழில் எழுதி வைத்தேன்.

அப்போது ஹைதராபாத் மாதாப்பூரில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் ஓட வேண்டிய ஒரு பழைய புரோகிராம் என் பொறுப்பு. பாதியில் படுத்துவிடும். எங்கே தட்டினால் எழுந்திருக்கும் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அட்டையில் ‘உபநிடதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். ரகசிய ஞானம் என்று அர்த்தமாம், எங்கோ கேட்டது. ஹைதராபாத்தில் தமிழ் எழுத்தைவிடப் பத்திரமான பூட்டு ஏது?

அந்தப் பூட்டு என்னைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியது. மனைவி தலைப்பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தாள். டாக்டர் குறித்த தேதி ஒரு வெள்ளிக்கிழமை. “உன்னை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்?” என்று மேனேஜர் லீவு மறுத்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் ஒரு வருஷமாகப் பாடுபட்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் எனக்கு ஜூனியரான செகந்திராபாத் தமிழ்ப் பெண். பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்: ஏன் என்பதற்குக் ‘கைக்கு’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’. அவளிடம் நோட்டை நீட்டினேன்.

“பேசுவேன் சார், படிக்க வராது. ஸ்கூல்ல தெலுங்குதான்.” புரட்டிப் பார்த்தாள். “கைக்கு சார் தமிழ்ல எழுதினீங்க? யாரும் படிக்கக் கூடாதுன்னா?”

“சேச்சே, தமிழ்ப் பற்றும்மா.”

“ஹவ், ஹவ்.”

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டாள். சமாளித்துவிட்டு, அன்று வீட்டில் அகராதியைப் புரட்டினேன். ரகசியம் என்றும் பொருள் இருந்தது. ஆனால் வேரைப் பிரித்தால், ‘உப’ என்றால் அருகில், ‘நி’ என்றால் கீழே, ‘சத்’ என்றால் உட்காருதல். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும்.

மறுநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று நாள், வரிவரியாகப் படித்துச் சொன்னேன். அவள் “கைக்கு?” என்று கேட்ட இடங்களில் பாதிக்கு எனக்கே பதில் தெரியவில்லை. இருவருமாகக் கண்டுபிடித்தோம். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் பிறந்தாள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ஜூனியருக்குப் போன் போட்டேன். பெண் குழந்தை என்றேன். வாழ்த்துச் சொன்னாள். நான் இல்லாமல் புரோகிராம் எங்கே நின்றது, எப்படித் தவித்தாள் என்று ஆசையோடு கேட்டேன்.

“ஓடிடுச்சு சார், உங்க ஸ்டெப்ல பாதி நக்கோன்னு தூக்கிட்டேன்.”