மடியில் இருந்த குப்பி

துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்றால் மூலம் சுருங்கும் என்று நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். ஆசனவாயில் விரலுக்குத் தட்டுப்பட்டதை நானும் மூலம் என்றே நம்பினேன். மனைவி இறந்தபின் வீட்டில் நானும் பத்தாவது படிக்கும் மகளும்தான். பள்ளி விட்டு வரும் வழியில், ரயில் பாதையோரம் அவள்தான் இலை பறித்து வருவாள். ஒரு வருடம் தின்றேன். அரிப்பும் கசிவும் கூடியதே தவிரக் குறையவில்லை.

கோவில்பட்டி டாக்டர் பார்த்த உடனே சொன்னார்: "இது மூலம் இல்ல, மரு. சிலருக்கு அதுல செல்லு மாறிப் புத்துநோய்க்குப் போகும். பாத்தாத் தெரியாது, வெட்டிச் சோதிக்கணும்."

மருவை வெட்டி எடுத்த துண்டுகளை மருந்துத் தண்ணீரில் போட்டு, குப்பியை நர்சம்மா என் கையிலேயே தந்தார். மதுரை லேபில் கொடுக்க வேண்டும்.

"கூட யாரும் வரலையா?"

"வெளிய நிக்காவ" என்றேன். வெளியே யாரும் இல்லை.

மறுநாள் பஸ்ஸில் மஞ்சள் பையை மடியில் வைத்து சீட்டு நுனியில் உட்கார்ந்தேன். தையல் வலித்தது. பக்கத்தில் எங்கள் தெரு பலசரக்குக் கடைக்காரர்.

"என்ன அண்ணாச்சி, கடலை மிட்டாயா? சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போற மாதிரில்லா பொத்தி வச்சிருக்கீரு. ஒண்ணு எடும், பாப்போம்."

"மருந்து, அண்ணாச்சி."

"மருந்துக்கு மடியில இடமா? கீழ வையும்."

வைக்கவில்லை. கொத்தமல்லி விதையளவுத் துண்டுகள். என் மகளுக்குத் தகப்பன் இருப்பானா என்பது அவற்றில்தான் இருந்தது. சாத்தூர் தாண்டும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அந்த இடத்தின் பெயரை எப்படிச் சொல்வது?

பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டர் இரண்டு முறை படித்தார்.

"புத்து இல்ல. ஆனா ஒரு துண்டுல புத்தா மாறுறதுக்கு முந்தின நிலை ஆரம்பிச்சிருக்கு. இப்பமே எடுத்தது நல்லதாப் போச்சு. இனி ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டணும். விட்டுறாதிய."

வீட்டுக்கு வந்தபோது மகள் இலையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நல்ல எளசாக் கெடச்சிதுப்பா."

"இனிமே வேண்டாம்மா."

"மூலம் சரியாயிட்டா?"

"சரியாயிட்டு."

அவள் இலையைக் கொல்லையில் கொட்டினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அவள் பள்ளிக்குப் போன பிறகு கிளம்புவேன். அவள் வருவதற்குள் திரும்பிவிடுவேன். ஆஸ்பத்திரி மேசையில் ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்தபடி, டாக்டர் பேசும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இன்றும் அப்படித்தான்.